ஐம்பத்தைந்து கிலோ ஆட்டம்

வேண்டாம் அண்ணே. கடலை உருண்டை வேண்டாம். நல்ல உருண்டைதான், பார்த்தாலே தெரிகிறது. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம் என்பதற்காக ஒருத்தர் எதற்கு இன்னொருத்தருக்குத் தின்னக் கொடுக்க வேண்டும்? கோபித்துக்கொள்ளாதீங்க. மனசில் பட்டதைச் சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொன்னேன். பதினொன்றாம் வகுப்போடு வெளியே வந்துவிட்டேன்.

ஜன்னல் ஓரம் எனக்கே இருக்கட்டும். காலையிலிருந்து வயிற்றைப் புரட்டுகிறது. நீங்க அந்தப் பக்கமே இருங்க, சட்டை பத்திரம்.

என் பேர் குணாளன். காட்டுப்பாளையம், பண்ருட்டிக்குத் தெற்கே. கபடி ஆடுகிறேன். இந்தப் பஸ் போய்ச் சேருகிற ஊரில் இன்றைக்கு ஐம்பத்தைந்து கிலோ ஆட்டம். அப்படியென்றால் தெரியுமா? ஆடுகிறவன் எவனும் ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. நெல் மூட்டை போடுகிற தராசை மைதானத்துக்குக் கொண்டுவந்து ஜட்டியோடு ஏற்றிவிடுவார்கள். எதிர் ஊர்க்காரன் குனிந்து முள்ளைப் பார்ப்பான். நூறு கிராம் கூட இருந்தாலும் வெளியே போ. அரைஞாண் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு ஏறுகிறவனைப் பார்த்திருக்கிறேன். மொட்டை போட்டுக்கொண்டு வந்தவனையும் பார்த்திருக்கிறேன்.

மூன்று வருஷமாக நான் உபரி ஆள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கை தட்டுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது. இன்றைக்குத்தான் முதல் ஏழு பேரில் என் பேர் இருக்கிறது. இடது கார்னர், பாடி வருகிறவன் காலைப் பிடிக்கிற இடம். பள்ளிக்கூடமும் இல்லை, வேலையும் இல்லை, எனக்கு இருக்கிறது இது ஒன்றுதான். ஐம்பத்தைந்துக்குள் இருந்தால் ஆடுவேன். இல்லையென்றால் பழையபடி பாட்டில்.

இருக்கிறது அண்ணே, கொண்டுவந்த தண்ணீர் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

எனக்குச் சுகர். எல்லோரும் இப்படித்தான் முழிப்பார்கள், நீங்களும் முழித்துக்கொள்ளுங்க. பதினாலு வயசில் வந்தது. உங்கள் வீட்டில் மாமனுக்கும் பெரியப்பாவுக்கும் வருகிற சுகர் இல்லை. எனக்கு இன்சுலின் உடம்பிலேயே ஊறாது, மாத்திரைக்கு அடங்காது, தினமும் ஊசிதான். வகுப்பில் சட்டையைத் தூக்கி ஊசி போட்டால் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். சரி என்று கக்கூசுக்குள் போய்ப் போட்டால், வாத்தியார் கதவை உடைக்கிற மாதிரி தட்டி, "உள்ள என்னத்தடா ஏத்திக்கிட்டு இருக்க?" என்றார். "ஒங்க மண்டையில ஏறாததத்தான் சார்" என்றேன். அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு வந்தவன்தான்.

ஆக, சந்தேகப்படுவதை நான் ஆரம்பிக்கவில்லை. என்னை ஊர் சந்தேகப்பட்டது, நான் ஊரைச் சந்தேகப்படுகிறேன்.

சுகர் வந்ததும் எங்கள் அம்மா என்ன செய்தது தெரியுமா? சோற்றை நிறுத்தியது. பழத்தை நிறுத்தியது. கிழங்கு, கடலை, முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்தியது. ஒருத்தி வந்து பாகற்காய்ச் சாறு என்றாள், இன்னொருத்தி கோதுமைக் கஞ்சி என்றாள், அம்மா இரண்டையும் கொடுத்தது. சுகர்க்காரன் வாயைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஊருக்குத் தெரிந்த வைத்தியம். நான் வற்றிப்போனேன். சட்டையைக் கழற்றினால் எலும்பை எண்ணலாம். "சுகர் வந்தா ஒடம்பு அப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருஷம் மேலப்பட்டு ஊரோடு ஆட்டம். மேலப்பட்டுக்கும் எங்களுக்கும் ஆகாது, எங்கள் அப்பா காலத்திலிருந்து ஆகாது. அவர்கள் பக்கத்து ரைடர், பாடி வருகிறவன், எழில்வேந்தன். எங்கள் ஆள் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது என்று என்னை இறக்கினார்கள். ஊசி போட்டிருந்தேன், கஞ்சி மட்டும் குடித்திருந்தேன். எழில் ரைடு வருகிறான், நான் காலைப் பிடிக்கப் பாய்கிறேன், கண் இருட்டிவிட்டது. சுகர் தடாலென்று இறங்கிவிட்டது. விழித்துப் பார்த்தால் அந்த எழில் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். யாரோ வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எதிராளி தூக்குகிறான்! எங்கள் ஆட்கள் எல்லாம் பாயிண்ட் யாருக்கு என்று நடுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது நியாயம்தான், ஆட்டத்தில் அதுதானே முக்கியம். இவன் எதற்குத் தூக்கினான்? அதைத்தான் நான் யோசித்தேன்.

அதற்கப்புறம்தான் அம்மா என்னை ஜி.எச்.சுக்கு, கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு, இழுத்துக்கொண்டு போனது. அங்கே சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கென்றே ஒரு மேடம். நான் சாப்பாட்டு மேடம் என்று பேர் வைத்திருக்கிறேன். என் கையைச் சுற்றி அளவு எடுத்துவிட்டு, "இந்தப் பையனுக்குச் சோறு போடுறதே இல்லையா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அழுதது. ஒரு கிண்ணம் சோறு, அதைவிட நிறையக் காய், கூடவே முட்டையோ மீனோ கெட்டிப் பருப்போ. சாயங்காலம் சுண்டல், இல்லை வேகவைத்த கடலை. சாப்பாட்டுக்குத் தக்க ஊசி, ஒரு வேளையும் விடக் கூடாது. ஆடுவதற்கு முன்னால் விரலைக் குத்திப் பார்த்து, குறைவாக இருந்தால் தின்றுவிட்டு ஆடு. கனம் தூக்கு, சதை வைக்கும். இவ்வளவுதான் சொன்னார். நான் பட்டென்று கேட்டேன், "மேடம், ஒங்களுக்கு முட்டக் கம்பெனில கமிஷன் உண்டா?" கோபமே படவில்லை, சிரித்தார். சிரித்ததும் சந்தேகம் கூடிவிட்டது.

மறு வாரமே எங்கள் வீட்டு வாசலில் எழில்வேந்தன் நிற்கிறான். கையில் தூக்குவாளி. திறந்தால் நாட்டுக்கோழி முட்டை. நடந்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்க.

"எதுக்குடா முட்ட?"

"எங்கம்மா குடுக்கச் சொன்னாங்க."

"எதுக்குக் குடுக்கச் சொன்னாங்க?"

"கோழி போட்டுச்சு."

"ஒங்க ஊர்ல திங்க ஆளு இல்லையா?"

"டேய், வேணாம்னா குடு, நான் திங்கிறேன்."

"குடுத்தத எதுக்குடா திரும்பக் கேக்குற?"

போய்விட்டான். வாரம் தவறாமல் வந்தான். ஒரு வாரம் முட்டை, ஒரு வாரம் நெத்திலிக் கருவாடு, ஒரு வாரம் தட்டைப்பயறு. அவன் அம்மாவும் எங்கள் அம்மாவும் ஒரே முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிறார்கள், அந்தப் பழக்கமாம். "ஒன்னத் தூக்குனப்ப கோழிக்குஞ்சத் தூக்குன மாதிரி இருந்துச்சுன்னு வந்து சொல்லிட்டு, அந்தப் புள்ள அன்னிக்குச் சோறே திங்கலயாம்டா" என்றது அம்மா. பார்த்தீங்களா? எதிராளியைக் கோழிக்குஞ்சு என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான்.

"எதிராளி வீட்டு முட்டைய எனக்கு அவிக்காதம்மா."

"முட்டையில ஊர் பேரு எழுதியா இருக்கு? தின்னுடா."

முதல் முட்டையை நாய்க்குப் போட்டேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவது முட்டைக்கு வாலாட்டியது. அப்புறம்தான் நான் தின்றேன்.

தின்றேன் என்றால், மேடம் சொன்ன மாதிரியே தின்றேன். நம்பியதால் இல்லை. பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்றால் ஒழுங்காகச் செய்துதானே பார்க்க வேண்டும்? தண்ணீர்க் கேனில் மணல் நிரப்பித் தூக்கினேன். பலாப்பழக் காலத்தில் ஊரே மணக்கும்போது இரண்டு சுளையோடு எழுந்தேன். விரலைக் குத்திக் குத்தி நுனியெல்லாம் காய்த்துப்போனது. மீட்டரையும் நான் நம்பவில்லை, சில நாள் இரண்டு விரலில் குத்திப் பார்ப்பேன். ஆனால் சுகர் அடங்கித்தான் வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்று மாதத்துச் சர்க்கரையை ஒரு தடவை எடுக்கிற ரத்தத்தில் காட்டுகிற டெஸ்ட் இருக்கிறது, அதிலும் நன்றாக வந்தது. அதற்கு முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டி ஏமாற்ற முடியாதாம்.

ஒரு நாள் குளிக்கும்போது பார்க்கிறேன், தொடை என்னுடைய தொடை மாதிரி இல்லை. வீக்கமோ என்று பயந்துவிட்டேன். சுகர்க்காரனுக்குக் கால் வீங்கும் என்று சொல்வார்களே. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழவில்லை. மறுபடி அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. சதை, அண்ணே. என்னுடைய சதை.

அன்றைக்குச் சாயங்காலம் பயிற்சியில் தனக்கோடி அண்ணனின் மச்சான் ரைடு வந்தான். கனமான ஆள். முன்னெல்லாம் நான் அவன் கணுக்காலைப் பிடித்தால், என்னையும் இழுத்துக்கொண்டு கோடு வரைக்கும் போய்விடுவான். மூக்கில் மண் ஏறும், எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்குப் பிடித்தேன். இழுத்தான். நான் நகரவில்லை. இன்னொரு தரம் இழுத்தான். பொத்தென்று விழுந்தான். ஒருத்தனும் சிரிக்கவில்லை. அந்தச் சத்தமில்லாத நேரம் இருக்கிறதே, அதை இன்னும் காதில் வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் தனக்கோடி அண்ணன் என்னை முதல் ஏழில் போட்டார்.

தனக்கோடி அண்ணன் யாரென்று சொல்லவில்லையே. எங்கள் டீமுக்கு எல்லாமே அவர்தான். உரக்கடை வைத்திருக்கிறார். பனியன் அவர் காசு, வேன் அவர் காசு. இந்த உலகத்தில் நான் சந்தேகமே படாத ஆள் அவர் ஒருத்தர்தான். ஏன் படவேண்டும்? ஒரு நாளும் அவர் எனக்கு எதுவும் தின்னக் கொடுத்ததில்லை.

முந்தாநாள் காலையில் அவர் கடைத் தராசில் எல்லோரையும் ஏற்றினார். நான் ஏறினேன். ஐம்பத்தாறு. இறங்கி, தராசில் ஏதாவது மூட்டை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறினேன். அதே ஐம்பத்தாறு.

"யார்ரா ஒன்ன இப்படிக் கெடுத்தது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. முட்டை, கருவாடு, தட்டைப்பயறு. மேலப்பட்டுக்காரன் வருஷம் முழுக்க உட்கார்ந்து என்னைத் தீனி போட்டு வளர்த்திருக்கிறான்! இன்றைக்கு ஆட்டத்துக்கு அவர்களும் வருகிறார்கள். நான் எடையில் தோற்று வெளியே போகவேண்டும், அவன் ரைடுக்கு இடது கார்னர் காலியாக இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் தனக்கோடி அண்ணன் என் முதுகில் தட்டினார். "மூள இருக்குடா ஒனக்கு" என்றார். அப்படி என்னை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் கடைக்குள்ளே கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார். "மத்தவனெல்லாம் எட கொறைக்க வெயில்ல ஜெர்கின் போட்டு ஓடணும். ஒனக்கு மட்டும் ஆண்டவன் ஒரு வசதி குடுத்திருக்கான். ரெண்டு நாள் ஊசிய விடு. தன்னால எறங்கிடும். எட போட்ட மறு நிமிஷம் போட்டுக்க."

"மேடம் விடவே கூடாதுன்னாங்கண்ணே. ஊசிய விட்டா ஒடம்பு தன்னையே திங்க ஆரம்பிச்சிடுமாம். வாந்தி வந்தா, வாயில பழ வாசன அடிச்சா, மூச்சு வாங்குனா, எங்க இருந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னாங்க. உசுருக்கே ஆபத்தாம்."

"மேடம் கபடி ஆடுதா?"

அதுவும் சரிதானே? மேடம் ஆடவில்லையே. அம்மாவிடம் ஊசி போட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். முந்தாநாள் விட்டேன், நேற்று விட்டேன், இன்றைக்கும் போடவில்லை. எடை இறங்கிவிட்டது, எனக்கே தெரிகிறது, கால்சட்டை தொளதொள என்று இருக்கிறது. ராத்திரியெல்லாம் ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். காலையில் ஒரு தரம் வாந்தி. பஸ் ஸ்டாண்டில் ஒரு தரம். வேனில் எல்லோரும் போய்விட்டார்கள். நான் வாந்தி எடுத்தால் மற்ற பையன்கள் மிரண்டுபோவார்கள் என்று அண்ணன்தான் என்னைப் பஸ்ஸில் வரச்சொன்னார். அதையெல்லாம் யோசித்துச் செய்கிற ஆள் அவர்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? பழ வாசனையா? அது பலாப்பழம் அண்ணே. பின்னால் யாரோ ஏற்றியிருப்பார்கள், இந்தப் பக்கம் பஸ்ஸெல்லாம் இப்படித்தான் மணக்கும். என் வாயிலிருந்தா? என் வாயை எதற்கு மோந்து பார்க்கிறீங்க?

ஊசி மருந்து பையில்தான் இருக்கிறது. ஏன் கேட்கிறீங்க? இன்னும் ஒரு மணி நேரம்தான், எடை போட்டு முடித்துவிட்டுப் போட்டுக்கொள்வேன். இல்லை, மூச்சு வாங்கவில்லை. பேசினால் வாங்குகிறது, அவ்வளவுதான். மாடிப்படி ஏறின மாதிரி. நீங்க யார், டாக்டரா? கம்பவுண்டரா? அதுவும் இல்லையென்றால் உங்களுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை? சும்மா அக்கறைப்படுகிற ஆளை நான் நம்புவதில்லை.

கொஞ்சம் நகருங்க... ஜன்னல்...

...

மன்னிச்சுக்குங்க. சட்டையில் படவில்லையே? இந்தத் துண்டு உங்களுடையதா? சரி, துடைத்துவிட்டுத் தருகிறேன். வயிற்றைக் கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி இருக்கிறது. இந்தப் பஸ் ஏன் இப்படி ஆடுகிறது? ஆடவில்லையா?

உங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, முகத்திலேயே தெரிகிறது. தனக்கோடி அண்ணனைத் தப்பாக நினைக்கிறீங்க. இருங்க, போன் போடுகிறேன். ஸ்பீக்கரில் போடுகிறேன், உங்கள் காதாலேயே கேளுங்க அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று.

"அண்ணே, நான் குணா. மூணு தடவ வாந்தி வந்துருச்சுண்ணே."

"வாந்தியா? நெசமாவா? அப்ப இன்னும் அரைக் கிலோ போயிருக்குமேடா!"

"மூச்சு வாங்குதுண்ணே. கண்ணு ஒரு மாதிரி இருட்டுது."

"தண்ணி குடிக்கிறியா?"

"ஆமாண்ணே, தாகம் தாங்..."

"குடிக்காதடா பாவி! எட ஏறிடும். வாயக் கொப்புளிச்சுத் துப்பு. ஏய், ஒன்ன நம்பித்தான் மாத்து ஆளுகூட இல்லாம வந்திருக்கேன். மைதானத்துக்கு நேரா வந்துடு, வந்து படுத்துக்க. வெச்சிடுறேன், இங்க ஃபீஸ் கட்டச் சொல்றானுவ."

வைத்துவிட்டார்.

பரபரப்பில் இருக்கிறார் அண்ணே. போட்டி நாள், நூறு வேலை. இல்லையென்றால் நன்றாகப் பேசுவார். எப்படி இருக்கிறாய் என்று கேட்டாரே... கேட்டாரா? பஸ் இரைச்சலில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. நீங்க பக்கத்தில்தானே இருந்தீங்க. கேட்டாரா? நன்றாக யோசித்துச் சொல்லுங்க. நடுவில் ஒரு இடத்தில் கேட்டிருப்பார்.

கேட்கவில்லையா.

வந்து படுத்துக்கொள் என்றார். எங்கே படுப்பது? தராசிலா?

அண்ணே, இந்தப் பஸ் ஜி.எச். வாசலில் நிற்குமா? நிற்காவிட்டாலும் நிறுத்தச் சொல்லுங்க. எனக்குக் கத்த முடியவில்லை, நீங்க கத்துங்க. சுகர் பேஷண்ட் என்று கத்துங்க, ஊசி போடவில்லை, மயக்கம் வருகிறது என்று கத்துங்க. பரவாயில்லை, எல்லோரும் பார்க்கட்டும். என் போனில் அம்மா என்று இருக்கிறது, அதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. கன்னாபின்னா என்று அழும், பயப்படாதீங்க.

பையை எடுத்துக்கொண்டீங்களா? பையைத் திறக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். என்னோடு இறங்கத்தான் போகிறீங்களா? உங்கள் ஊர் இன்னும் வரவில்லையே, டிக்கெட் வீணாகாதா? எதற்கு இதெல்லாம் செய்கிறீங்க? சரி, அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

இடுப்பில் கை போட்டுப் பிடிங்க. இப்படி ஒரு கையால் முடியாது அண்ணே, இரண்டு கையும் போடுங்க. பார்க்கத்தான் ஒல்லி. நான் கனமான ஆள்.